எந்த ஊரில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்?

சிங்கப்பூருக்கு வந்த ஆறாவது வருடம், பி.இ. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்ல, "நீ அப்பவே பி.இ. பாஸ் பண்ணிட்டேன்னுதானேடா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம்?" என்றார். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்தாகிவிட்டது, இப்போது போய் இப்படிச் சொல்கிறானே என்ற கவலை அந்தக் குரலில்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்நாட்டில் பி.இ. என்றால் நாலு வருடப் படிப்பு. சிங்கப்பூரில் பி.இ. என்றால் புரொஃபெஷனல் இன்ஜினியர்: பதிவேட்டில் பெயர் ஏறி, வரைபடத்தில் கையெழுத்துப் போடச் சட்டப்படி உரிமை பெற்றவர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் வம்பு. குழப்பம் வேண்டாம் என்பதற்காக, கீழே படிப்பைப் 'பட்டம்' என்றும் உரிமத்தை மட்டும் 'பி.இ.' என்றும் எழுதுகிறேன்.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், திருச்சிப் பக்கத்துப் பையன், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். மூன்று பக்கங்கள் திறந்திருந்தன. ஒன்று சிங்கப்பூர் போர்டு, அதாவது பி.இ. பதிவேட்டை வைத்திருக்கும் வாரியம், நடத்தும் எஃப்.இ.இ. பரீட்சை. இன்னொன்று அமெரிக்காவின் எஃப்.இ. பரீட்சை. மூன்றாவது பிரிட்டிஷ் சார்ட்டர்ட் இன்ஜினியர், பொறியாளர் கழகங்கள் தரும் தகுதிப் பட்டயம். "அண்ணே, இதுல எதை எழுதறது? எது ஈஸி?" என்றான்.

எது சுலபம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. "நீ எந்த ஊர்ல கையெழுத்துப் போடப் போற, அதைச் சொல்லு" என்றேன். அவனுக்கு அன்று சொன்னதும், சொல்ல மறந்ததும் சேர்ந்ததுதான் இது.

கையெழுத்து என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் அதற்கு ஒரு கதை இருக்கிறது. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி, பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் ஓவன் ரோடு முனை வரும். 1986 மார்ச் 15 அன்று அங்கே நின்ற ஆறு மாடிக் கட்டடம், ஹோட்டல் நியூ வேர்ல்ட், ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 17 பேர். விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. மேலே வரும் பாரத்தைக் கணக்கிட்டவர்கள், அதைத் தாங்கும் கான்கிரீட்டுக்கும் எடை உண்டு என்பதை விட்டுவிட்டார்கள். அப்படியும் அது ஏறத்தாழ பதினைந்து வருடம் நின்றது என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அதன் பிறகு 1989ஆம் ஆண்டு கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வடிவமைத்தவர் கணக்கை, அவரோடு தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்த்தாக வேண்டும் என்ற ஏற்பாடும் அதோடு வந்தது.

ஆக, இங்கே பி.இ. என்பது பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் அலங்காரம் இல்லை. கட்டமைப்பு வரைபடம் கட்டட, கட்டுமான ஆணையத்துக்குப் போகும்போது கீழே ஒருவர் கையெழுத்து இருக்க வேண்டும். அந்த ஒருவர் பி.இ.யாக இருக்க வேண்டும். வேறு எந்த நாட்டுப் பட்டயமும், எத்தனை வருட அனுபவமும் அந்த இடத்தை நிரப்பாது.

சரி, முதல் வழிக்கு வருவோம். சிங்கப்பூர் பாதையில் படிகள் இவை: போர்டு ஏற்றுக்கொண்ட பட்டம், அடிப்படைப் பரீட்சையான எஃப்.இ.இ., நாலு வருட நடைமுறை அனுபவம், தொழில்முறைப் பரீட்சையான பி.பி.இ., கடைசியில் நேர்காணல். எஃப்.இ.இ.க்கு அனுபவம் தேவையில்லை. கல்லூரியை விட்டு வந்த சூட்டோடு எழுதிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். முதல் பகுதி துறையின் எல்லா மூலையையும் தொடும். இரண்டாவது பகுதி உங்கள் பிரிவில் ஆழமாக இறங்கும்.

இந்த ஆண்டுக்கு ஒருமுறை என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நான் முதல் தடவை எழுதியபோது கான்கிரீட்டைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லிவிடலாம் என்ற தெம்பில் போனேன். ஆறு வருடம் உத்தரமும் தூணும் மட்டுமே பார்த்தவன். குழாயில் தண்ணீர் எப்படி ஓடும், மண்ணுக்குள் நீர் அழுத்தம் எப்படி ஏறும் என்பதெல்லாம் மூன்றாம் செமஸ்டரோடு போய்விட்டது. கேள்வித்தாளைப் பார்த்ததும் பழைய ஆசிரியரின் முகம் நினைவுக்கு வந்தது, சூத்திரம் வரவில்லை. தோற்றேன். அடுத்த முயற்சிக்கு ஒரு வருடம் காத்திருந்தேன். இதையே பட்டம் வாங்கிய மறுவருடம் எழுதியிருந்தால் பாதி உழைப்பில் முடிந்திருக்கும். அனுபவம் கூடக்கூட இந்த முதல் பரீட்சை கடினமாகிக்கொண்டே போகும். வேலை நம்மைக் கூர்மையாக்குகிற அதே வேகத்தில் குறுக்கிவிடவும் செய்கிறது.

இரண்டாவது, அமெரிக்க எஃப்.இ.; அங்கே அதுதான் அடிப்படைப் பரீட்சை. அங்கே பொறியாளர் உரிமத்தை நாடு கொடுப்பதில்லை, மாநிலம் கொடுக்கிறது. 1907இல் வயோமிங் மாநிலம்தான் முதலில் இப்படி ஒரு சட்டம் போட்டது. மாநில வாரியங்கள் எல்லாம் சேர்ந்த அமைப்பு என்.சி.இ.இ.எஸ்.; பரீட்சையை நடத்துவது அதுதான். 2014 தொடக்கத்திலிருந்து முழுக்கக் கணினியில், பியர்சன் வியூ தேர்வு மையங்களில் நடக்கிறது. வருடம் முழுக்க எழுதலாம். 110 கேள்விகள், எழுத 5 மணி 20 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. நடுவில் 25 நிமிட இடைவேளை உண்டு. ஆனால் முதல் பாதியை ஒப்படைத்துவிட்டு எழுந்தால் அதற்குள் மறுபடி போக முடியாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் ஒன்றையும் விடாமல் குறித்துவிட்டு வரவேண்டும். முடிவு பத்து நாளுக்குள் வந்துவிடும்: தேர்ச்சி அல்லது தோல்வி, மதிப்பெண் சொல்லமாட்டார்கள். தோற்றால் எந்தப் பாடத்தில் எவ்வளவு பின்தங்கினீர்கள் என்று ஒரு தாள் தருவார்கள். காலாண்டுக்கு ஒருமுறை, பன்னிரண்டு மாதத்தில் அதிகபட்சம் மூன்று முறை எழுதலாம்.

என்னைப் போல ஒரு வருடம் காத்திருந்தவனுக்கு இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்தால் வயிறு எரியும்.

அமெரிக்கப் பரீட்சையில் இன்னொரு வசதி, கையேடு. சூத்திரங்கள் அடங்கிய புத்தகத்தை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். பரீட்சையின்போது அதே புத்தகம் திரையில் பக்கத்திலேயே இருக்கும், சொல்லைத் தட்டித் தேடலாம். ஆகவே மனப்பாடம் தேவையில்லை, எந்தச் சூத்திரம் எந்த அதிகாரத்தில் என்ற பழக்கம்தான் தேவை. கால்குலேட்டருக்குக் கறாரான பட்டியல் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பொறியியல் மாணவன் பையில் தவறாமல் இருக்கிற கேசியோ எஃப்எக்ஸ்-991 வகை அந்தப் பட்டியலில் இருக்கிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கியது அங்கேயும் செல்லும் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

சறுக்குவது அலகுகளில். மெட்ரிக்கும் வரும், அடி, பவுண்டு, கிப் எல்லாமும் வரும். திறந்த கால்வாயில் தண்ணீரின் வேகத்துக்கு மேனிங் சூத்திரம் நாம் எல்லாரும் படித்ததுதான். மீட்டரில் போட்டால் முன்னால் இருக்கும் எண் 1. அடியில் போட்டால் அது 1.486. தம்பி ஒரு மாதிரிக் கணக்கை அடியிலேயே போட்டான், அந்த 1.486ஐ மறந்துவிட்டான். வந்த விடை சரியான விடையில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் அவன் முகத்தில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அந்தத் தவறான எண்ணும் கொடுத்த நான்கு விடைகளில் ஒன்றாக அழகாக உட்கார்ந்திருந்தது. கேள்வி போடுகிறவர்களுக்கு நாம் எங்கே வழுக்குவோம் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பாடங்களிலும் ஒரு வித்தியாசம். சிவில் பிரிவில் கணிதம், புள்ளியியலில் தொடங்கி நிலையியல், பாய்ம இயக்கவியல், நில அளவை, மண், போக்குவரத்து என்று போகும். அதோடு தொழில் ஒழுக்கமும் பொறியியல் பொருளாதாரமும் உண்டு. இந்த இரண்டையும் நம் பசங்கள் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் மதிப்பெண் மலிவாகக் கிடைக்கும் இடம் அதுதான். இன்றைக்கு வாங்கும் இயந்திரத்தின் பத்து வருடச் செலவை இன்றைய பண மதிப்புக்குக் கொண்டுவருவது, சீட்டுப் பிடித்துப் பழகிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஒரு வாரப் பாடம்.

இப்போது ஒரு கணக்கு. ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசத்தை இது பரீட்சை விதிகளைவிட நன்றாகக் காட்டும் என்று நினைக்கிறேன். இரு முனையிலும் சும்மா தாங்கிய ஆறு மீட்டர் உத்தரம். சொந்த எடையும் நிலையான பாரமும் சேர்ந்து மீட்டருக்கு 12 கிலோநியூட்டன், வந்து போகும் பாரம் 8. திருச்சியில் படித்தபோது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி இரண்டையும் 1.5ஆல் பெருக்கினோம்: 30. சிங்கப்பூரில் 2013 ஏப்ரலிலிருந்து யூரோகோடு என்ற ஐரோப்பிய வடிவமைப்பு விதி. நிலைப் பாரத்துக்கு 1.35, வந்து போவதற்கு 1.5: 28.2. அமெரிக்காவில் 1.2, 1.6: 27.2. உத்தரத்தின் நடுவில் அதை வளைக்கப் பார்க்கும் வளைவுத் திருப்புமை (பெண்டிங் மொமென்ட்) முறையே 135, 126.9, 122.4 கிலோநியூட்டன் மீட்டர். ஒரே உத்தரம், ஒரே கான்கிரீட், ஒரே புவியீர்ப்பு. ஊர் மாறினால் எண் மாறுகிறது. எந்த எண்ணுக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களோ அந்த எண்ணில் கை பழக வேண்டும்.

(அதே உத்தரத்தில் அந்த 12ஐ மறந்துவிட்டால் மிஞ்சுவது 8. இருபதில் எட்டு. ஓவன் ரோடு முனையில் நடந்த தவறு இந்த வகைதான்.)

அமெரிக்கப் பரீட்சையில் தேறினால் அந்தத் தேர்ச்சி காலாவதியாவதில்லை. அதற்கு மேல் நாலு வருட அனுபவமும் அடுத்த கட்டப் பரீட்சையும் பொதுவாக வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறும். விண்ணப்பிக்கும்போது ஏதாவது ஒரு மாநில வாரியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சில மாநிலங்கள் முன் அனுமதி கேட்கும், சில கேட்காது. வெளிநாட்டுப் பட்டமென்றால் பின்னால் உரிமம் வாங்கும்போது பாடவாரியாக மதிப்பிடச் சொல்லும் மாநிலங்கள் பல. இங்கிருந்து எழுதுகிறவர்கள், கணக்குத் தொடங்கித் தேதி எடுக்கும் பக்கத்தில் எந்த ஊர் மையம் காட்டுகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். விமானச் செலவையும் விடுப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டி வரலாம்.

அதனால் இதை யாருக்குச் சொல்வேன்? அமெரிக்காவில் கால் வைக்க நிஜமான காரணம் உள்ளவர்களுக்கு. துணைவிக்கு அங்கே வேலை, அல்லது ஹூஸ்டனில் தலைமையகம் உள்ள எண்ணெய் நிறுவனத்துக்கு ஜூரோங் தீவில் வடிவமைப்பு வேலை, அப்படி ஏதாவது. "சும்மா ஒரு சர்ட்டிஃபிகேட் இருக்கட்டுமே" என்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். மாலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவனிடம் வருடத்துக்கு இருநூறு மணி நேரம்தான் உருப்படியாகப் படிக்கக் கிடைக்கும். அதை எங்கே கொட்டுகிறோம் என்பதில் கஞ்சத்தனம் வேண்டும்.

ஒன்றில் தேறியது இன்னொன்றில் தானாகக் கணக்கில் ஏறிவிடும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். அப்படி ஒரு எண்ணமிருந்தால் முதலில் அந்தந்த வாரியத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் கட்டுங்கள்.

மூன்றாவது வழியில் கல்லூரி மாதிரியான பரீட்சை கிடையாது, அல்லது வேறு மாதிரியான பரீட்சை உண்டு. சிங்கப்பூர் பொறியாளர் கழகம் சார்ட்டர்ட் இன்ஜினியர் பட்டயம் தருகிறது. பிரிட்டனில் சிவில் பொறியாளர் கழகம், செய்த வேலையை அறிக்கையாக எழுதி, எதிரே உட்கார்ந்து விளக்கச் சொல்கிறது. கட்டமைப்புப் பொறியாளர் கழகமோ கொடுத்த கேள்விகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு கட்டடத்தையே வடிவமைக்கச் சொல்லும். அதை எழுதியவர்களுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன், விளையாட்டில்லை. துபாய், ஹாங்காங், லண்டன் என்று நிறுவனத்தோடு நகர்கிறவர்களுக்கு இந்தப் பட்டயங்கள் நல்ல துணை. ஆனால் மறுபடி சொல்கிறேன், இதை வைத்து இங்கே வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது.

எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டு, எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். உங்களுக்குப் பி.இ. வழி இருக்கிறது. அதோடு எரிசக்திச் சந்தை ஆணையம் மின் பணியாளர்களுக்குத் தரும் எல்.இ.டபிள்யூ. உரிமமும் இருக்கிறது. மூன்று படிகள்: 45 கே.வி.ஏ. (மின்திறன் அளவு) வரையிலான வேலைக்கு எலக்ட்ரிஷியன், வடிவமைக்க 150 வரையும் இயக்க 500 வரையும் டெக்னீஷியன், அதற்கு மேல் வரம்பில்லாமல் இன்ஜினியர். களத்தில் கை அழுக்காகி வேலை செய்கிறவருக்கு இதுதான் உடனே சோறு போடும். பி.இ.யை விட்டுவிட்டு இதைப் பிடித்த இரண்டு நண்பர்கள் எனக்கு உண்டு, இருவரும் வருந்தியதில்லை.

கட்டுமானத் தளத்திலேயே இருக்கிறவர்கள் ரெசிடென்ட் இன்ஜினியர், ரெசிடென்ட் டெக்னிக்கல் ஆஃபிசர் அங்கீகாரத்தைப் பார்க்கலாம். பி.இ. போட்ட வரைபடப்படிதான் கம்பி கட்டியிருக்கிறதா என்று நின்று பார்ப்பது அவர்கள் வேலை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவேயில் எம்.ஆர்.டி. ரயிலின் வட்டப் பாதைக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து நாலு பேர் இறந்த பிறகு, தளத்தில் நிற்கிறவரின் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையையும் ஒப்பிட்டுவிட்டு, எதையும் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். தேக்காவில் அன்று தம்பியிடமும் இப்படித்தான் தலைகீழாகச் சொன்னேன். உங்கள் பட்டம்.

நம் பிள்ளைகளில் பாதிப்பேர் விழுகிற குழி இது. இங்கேயே என்.யு.எஸ்., என்.டி.யு. பல்கலைக்கழகங்களில் பொறியியல் முடித்தவர்களுக்குக் கவலையில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் சான்றிதழில் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம் என்று இருக்கும். அது போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். சிங்கப்பூர் போர்டுக்கு ஏற்றுக்கொண்ட பட்டங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பல்கலைக்கழகமும் பிரிவும் சரியாக எப்படி எழுதியிருக்கிறது, முடித்த ஆண்டுக்கு ஏதாவது வரம்பு போட்டிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் போனால் வாஷிங்டன் ஒப்பந்தம் என்ற பெயர் காதில் விழும்: ஓர் உறுப்பு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகளும் மதிப்பதற்கான ஏற்பாடு. 1989இல் ஆறு நாடுகளோடு தொடங்கியது. சிங்கப்பூர் 2006இலும் இந்தியா 2014இலும் முழு உறுப்பினர்கள் ஆயின. இந்தியா சேர்ந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். இந்தியாவில் படிப்புகளுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் இரண்டு அடுக்கு. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் முதல் அடுக்கு, பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு இரண்டாவது அடுக்கு. ஒப்பந்தத்தில் செல்வது முதல் அடுக்கு மட்டும். அதுவும் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடையாது, பிரிவு பிரிவாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு. பக்கத்து வகுப்பில் மெக்கானிக்கல் படித்தவனுக்கு இருக்கும், சிவில் படித்த உங்களுக்கு இருக்காது. அண்ணனுக்கு இருக்காது, இரண்டு வருடம் கழித்து அதே கல்லூரியில் படித்த தம்பிக்கு இருக்கும்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் உலகம் இருண்டுவிடாது. பிரிட்டிஷ் கழகங்களில் தனி ஆளாக மதிப்பிடும் வழி உண்டு, அது நீளமானது. இங்கேயே ஏற்றுக்கொண்ட ஒரு பட்டத்தை மாலை நேரத்தில் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புத்தகம் வாங்கி, வகுப்புக்குப் பணம் கட்டி, மூன்று மாதம் படித்துவிட்டு அப்புறம் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இரண்டாவது குழி, அனுபவக் கடிதம். இதில் நான் நேரடியாக அடிபட்டவன். முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் மூன்று வருடம். எந்தத் திட்டத்தில் என்ன செய்தேன் என்று அப்போது ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பின்னால் கேட்டபோது, என் மேலதிகாரி ஓய்வு பெற்றுப் போயிருந்தார், மனிதவளப் பிரிவு நான் அங்கே 'பணியாற்றினேன்' என்பதை மட்டும் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தது. திரும்பத் திரும்ப எழுதி, பழைய வரைபடங்களில் என் முதலெழுத்து இருந்த மூலைகளைத் தேடி எடுத்து, ஓய்வு பெற்றவர் வீட்டுக்கு அரைக் கிலோ மைசூர்பாகோடு போய்க் கையெழுத்து வாங்கி, எட்டு மாதம். இப்போது என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் எழுதி, அன்றைக்கே பி.இ.யிடம் கையெழுத்து வாங்கிவிடச் சொல்கிறேன். முறைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள்.

படிப்பதற்கு வகுப்பா, தனியாகவா என்பதும் ஒரு கேள்விதான். பொறியாளர் கழகம் நடத்தும் ஆயத்த வகுப்புகள் உண்டு. பாடத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று காட்டுவதில் அவை நல்ல உதவி. ஆனால் என்னைத் தேற்றியது வகுப்பு இல்லை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் சனிக்கிழமை காலையும், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் செவ்வாய் இரவும்தான். மூன்று பேர். ஒருவர் மண், ஒருவர் நீர், நான் கட்டமைப்பு. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால்தான் நமக்கு எது தெரியாது என்று தெரிகிறது. வீட்டுக்குள் படிக்க முடியாது. குழந்தை கால்குலேட்டரைத் தொலைக்காட்சி ரிமோட் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பட்டம் போர்டின் பட்டியலில் இருக்கிறது, இன்னும் மூன்று நாலு வருடமாவது இங்கே இருப்போம் என்று தோன்றுகிறது என்றால், அடுத்து வரும் எஃப்.இ.இ.யை எழுதுங்கள். தயாராகிவிட்டு எழுதலாம் என்று தள்ளினால் நான் பட்டதுதான் நீங்களும் படுவீர்கள். வேலை பாஸ் புதுப்பிப்பதே நிச்சயமில்லை, எந்த நாடு என்றும் தெரியாது என்கிறவர்களுக்கு அமெரிக்கப் பரீட்சை ஆசை காட்டும். வருடம் முழுக்க எழுதலாம், காலாவதி இல்லை, உலகம் முழுக்கப் பெயர் தெரியும். ஆனாலும் நாடு தெரியாதவர் முதலில் சார்ட்டர்ட் பாதையில் வேலைக் குறிப்பு எழுதத் தொடங்குவதே மேல் என்பேன். அந்தக் குறிப்பு எந்த ஊருக்குப் போனாலும் வேண்டியிருக்கும். களத்தில் எலக்ட்ரிக்கல் வேலையில் இருக்கிறவர் எல்.இ.டபிள்யூ.வைப் பிடித்துக்கொண்டு, பி.இ.யைப் பிறகு பார்க்கலாம். இன்னும் இரண்டு வருடத்தில் மேனேஜ்மென்ட் பக்கம் போய்விடப் போகிறேன், இனி கணக்கே போடமாட்டேன் என்பவர் எதையும் எழுத வேண்டாம். அதை வாய்விட்டுச் சொல்ல நம்மவர்களுக்குத் தயக்கம், அவ்வளவுதான்.

தம்பி அன்று இரவே போர்டின் பட்டியலைத் திறந்து படம் எடுத்து அனுப்பினான். பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. இணைப்புக் கல்லூரிக்கும் அது பொருந்துமா என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை. போர்டுக்கு ஒரு மின்னஞ்சல், கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வைத்தேன். கல்லூரியிலிருந்து, "தேர்வுக் கட்டண ரசீது இணைக்கவும்" என்று சம்பந்தமில்லாமல் ஒரு பதில் வந்திருக்கிறது. மறுபடி எழுதியிருக்கிறான். இதற்கிடையில் செவ்வாய் இரவு கல் மேசைக்கு வருகிறான், போன வாரம் மேனிங் முடிந்தது. இந்த வாரம் மண். அதை அவன்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.